கேன்டால்ஃபுக்கு முன்னால்: இயன் மெக்கெல்லனின் முதல் எட்டு மேடை ஆண்டுகள்

கேள்வி இதுதான்: "'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் கேன்டால்ஃபாகவும் 'எக்ஸ்-மென்' படங்களில் மேக்னீட்டோவாகவும் பார்த்த இயன் மெக்கெல்லன் நடிப்புப் பள்ளிக்கே போனதில்லை என்கிறார்களே, அப்படியானால் எங்கே கற்றார்? ஆரம்பத்தில் ஷேக்ஸ்பியர் மட்டும்தான் நடித்தாரா, இல்லை அந்தக் காலத்துப் புது நாடகங்களிலும் நடித்தாரா?"

நடிப்புப் பள்ளிக்குப் போகவில்லை என்பது உண்மை. 1961-இல் தொழிலுக்கு வந்து, முதல் மூன்று ஆண்டுகள் கவென்ட்ரி, இப்ஸ்விச், நாட்டிங்ஹாம் என்று லண்டனுக்கு வெளியே மூன்று ஊர்களில் வேலை செய்தார். அங்கேதான் கற்றார். இரண்டாவது கேள்விக்குப் பதில்: பழையது, புதியது இரண்டிலும் நடித்தார், அதுவும் ஒரே சீசனில், பல நேரம் ஒரே வாரத்தில். பகலில் ஒன்றுக்கு ஒத்திகை, இரவில் இன்னொன்று மேடையில். அவர் நடிப்பில் எனக்குப் பிடித்தது எல்லாமே இந்தக் கலப்பிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிறந்தது 1939 மே மாதம், லங்காஷயரில் உள்ள பர்ன்லியில். வளர்ந்தது விகன், போல்ட்டன். அப்பா சிவில் இன்ஜினியர். மூன்று வயதில் மான்செஸ்டரில் 'பீட்டர் பேன்' பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒன்பது வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு பொம்மை நாடக மேடை கிடைத்தது. மடக்கி வைக்கலாம். அட்டையில் வெட்டிய பாத்திரங்களைக் கம்பியால் உள்ளே தள்ளி ஆட்டலாம். அந்த அட்டைகளில் சிண்ட்ரெல்லாவும் இருந்தாள், அந்தக் காலத்தின் பெரிய நடிகர் லாரன்ஸ் ஒலிவியரின் ஹாம்லெட்டும் இருந்தார். முதலில் பார்த்த ஷேக்ஸ்பியர் நாடகம் விகனில் உள்ளூர் அமெச்சூர்கள் போட்ட 'ட்வெல்த் நைட்'. அக்கா ஜீன் கூட்டிப் போனார். போல்ட்டனுக்கு வந்த பிறகு அங்கே இருந்த கிராண்ட் தியேட்டரில் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. மேடைக்கு வெளியே சோர்ந்து நிற்கும் ஒரு ஆள், வெளிச்சத்துக்குள் ஓரடி வைத்ததும் வேறு ஆளாகிவிடுவதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த சிறுவனுக்கு அது மறக்குமா?

1958-இல் கேம்பிரிட்ஜ் போனார், செயின்ட் கேதரின்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க. படித்ததைவிட நடித்தது அதிகம். மூன்று வருடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர் நாடகங்கள். உடன் இருந்தவர்கள் பின்னாளில் பெரிய நடிகரான டெரெக் ஜேகபி, பெரிய இயக்குநரான ட்ரெவர் நன் போன்றவர்கள். முக்கியமாக, மார்லோ சொசைட்டி என்ற பல்கலைக்கழக நாடகக் குழுவில் ஜார்ஜ் ரைலண்ட்ஸ், ஜான் பார்ட்டன் ஆகிய இருவரிடம் செய்யுளைப் பேசப் பழகினார். எந்த இடத்தில் மூச்சு விடுவது, வரியின் கடைசிச் சொல்லை எப்படித் தாங்கிப் பிடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் எதிர்ச்சொல்லாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கே கிடைத்த பாடம். 1959-இல் 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் ஷாலோ என்ற கிழவன் வேஷம் போட்டார். அப்போது வயது பத்தொன்பது. அந்தக் கிழவனை ஒரு லண்டன் நாளிதழ் விமர்சகர் புகழ்ந்து எழுதினார். இதைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அவருக்கு வந்தது அதைப் படித்த பிறகுதான்.

அப்புறம் நேராகக் கவென்ட்ரி. 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு நொறுக்கிய நகரம் அது. போருக்குப் பிறகு அங்கே கட்டிய நாடக அரங்குக்கு பெல்கிரேட் தியேட்டர் என்று பெயர். யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடு மரம் அனுப்பி உதவியதற்கு நன்றியாக வைத்த பெயர் அது. 1958-இல் திறந்தார்கள். ஆர்னால்ட் வெஸ்கர் போன்ற புது நாடக ஆசிரியர்களின் நாடகங்கள் லண்டனுக்கு முன்பே இங்கே மேடையேறின.

இந்த மாதிரி அரங்குகளை 'ரெப்' என்பார்கள். ஒரு நிரந்தரக் குழு இருக்கும். ஒரு நாடகம் இரண்டு, மூன்று வாரம் ஓடும். அது ஓடும்போதே அடுத்ததற்கு ஒத்திகை நடக்கும். நடிகனுக்கு இது என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் பத்து மணிக்கு, இன்னும் பாடமாகாத வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு துப்பறியும் நாடகத்தில் சந்தேகத்துக்குரிய மருமகனாக நிற்பான். சாயங்காலம் முகத்தில் மை பூசிக்கொண்டு பதினாறாம் நூற்றாண்டுக்குப் போவான். இந்த வேஷம் எனக்குப் பொருந்தாது என்று சொல்ல நேரமே இருக்காது. இந்தச் சீசனில் கதாநாயகன், அடுத்ததில் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரன். மெக்கெல்லனுக்கு இந்த ஏற்பாடு மனதில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். 1972-இல் எட்வர்ட் பெத்தர்பிரிட்ஜுடன் சேர்ந்து ஆக்டர்ஸ் கம்பெனி தொடங்கியபோது, எல்லோருக்கும் ஒரே சம்பளம், பெரிய வேஷமும் சின்ன வேஷமும் மாறி மாறி வரும் என்று விதி வைத்தார்கள். அப்போது நாடு முழுக்கப் பெயர் தெரிந்த நடிகர் அவர். ஒரு நாடகத்தில் நாயகனாக நடித்துவிட்டு, இன்னொன்றில் ஹோட்டல் பையனாக வந்து போனார்.

1961 செப்டம்பரில் பெல்கிரேடில் அவருடைய முதல் தொழில்முறை வேஷம் ரோப்பர். நாடகம் ராபர்ட் போல்ட் எழுதிய 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்'. லண்டனில் அரங்கேறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, அதாவது சுடச்சுடப் புது நாடகம். எட்டாம் ஹென்றியின் மறுமணத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் தலையை இழந்த தாமஸ் மோரின் கதை. ரோப்பர் அவருடைய மாப்பிள்ளை. கொள்கைக்காகக் கொதிப்பவன், கொள்கையை அடிக்கடி மாற்றுபவன். அதில் ஒரு காட்சி. சாத்தானைப் பிடிக்க இங்கிலாந்தின் சட்டங்கள் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்ப்பேன் என்கிறான் ரோப்பர். மோர் திருப்பிக் கேட்கிறார்: கடைசிச் சட்டத்தையும் வெட்டிவிட்டாய், சாத்தான் உன் பக்கம் திரும்புகிறான், அப்போது நீ எங்கே ஒளிவாய்?

இருபத்திரண்டு வயதுப் பையன், ஒவ்வொரு இரவும் இரண்டடி தூரத்தில் நின்று அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டான். வாதத்தில் தோற்கும் பக்கம் அவனுடையது. மேடையில் நன்றாகத் தோற்பது லேசான வேலை இல்லை. ரோப்பர் முட்டாளாகத் தெரிந்துவிட்டால் மோரின் பதிலுக்கு எடையே இருக்காது. தாமஸ் மோரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

1962-63 சீசனில் இப்ஸ்விச். இங்கேதான் பெரிய வேஷங்கள் வந்து குவிந்தன. ஐந்தாம் ஹென்றி, டேவிட் காப்பர்ஃபீல்ட், அப்புறம் ஜான் ஆஸ்போர்ன் எழுதிய 'லூதர்'. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹென்றி ஒரு படையையே தன் பேச்சால் சுவர் ஏற வைப்பவன். டிக்கன்ஸின் டேவிட் எல்லோரையும் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளை. லூதர் 1961-இல் எழுதப்பட்ட புது நாடகம். வயிற்று வலியும் வியர்வையுமாக, தன் உடம்போடும் கடவுளோடும் சண்டை போடும் துறவி மார்ட்டின் லூதர், வோர்ம்ஸ் நகரில் பேரரசர் கூட்டிய சபையில் தனியாக நின்று, தான் எழுதியதைத் திரும்பப் பெற மறுக்கிறான். ஹென்றியின் பேச்சு கூட்டத்தைக் கட்டுவதற்கு, லூதரின் பேச்சு கூட்டத்திலிருந்து பிரிவதற்கு. இந்த இரண்டையும் இருபத்து மூன்று வயதில் சில மாத இடைவெளியில் பேசியவனுக்கு, செய்யுள் ஒரு ராகம், உரைநடை பேச்சு என்ற சோம்பல் எண்ணம் வர வாய்ப்பே இல்லை.

அடுத்து நாட்டிங்ஹாம். 1963 டிசம்பர் 11 அன்று அங்கே புது பிளேஹவுஸ் திறந்தார்கள். தொடக்க நாடகம் ஷேக்ஸ்பியரின் 'கோரியோலேனஸ்'. இயக்கம் டைரோன் குத்ரி, கோரியோலேனஸாக ஜான் நெவில், அவன் எதிரி ஆஃபிடியஸாக மெக்கெல்லன். அந்த இரு எதிரிகளுக்கு இடையில் வெறுப்பு எவ்வளவோ அவ்வளவு ஈர்ப்பும் உண்டு என்று குத்ரி நாடகத்தைப் புரிந்துகொண்டார். மூலத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. எதிரியைக் கொன்ற மறுநிமிடமே ஆஃபிடியஸ் தன் கோபம் போய்விட்டது, துக்கம் தாக்குகிறது என்கிறான். ஒற்றை வரிதான். கொன்றவனே கொல்லப்பட்டவனுக்காக அழுவதை அரங்கம் நம்ப வேண்டுமானால், முந்தைய மூன்று மணி நேரமும் அந்த வரியை மனதில் வைத்தே நடித்திருக்க வேண்டும்.

அதே நாட்டிங்ஹாமில் 1964-இல் ஆர்தர் சீட்டன் வேஷம். ஆலன் சிலிட்டோவின் நாவல் 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' நாடகமானபோது நடித்தது. சீட்டன் அந்த ஊர் சைக்கிள் தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவன். வாரம் முழுக்க உழைத்துவிட்டு சனிக்கிழமை இரவு குடித்துத் தீர்ப்பவன். இதில் உள்ள பயத்தை நினைத்துப் பாருங்கள். எதிரே உட்கார்ந்திருப்பது நாட்டிங்ஹாம் மக்கள். அந்தத் தொழிற்சாலையின் சங்கு கேட்டு எழுபவர்கள். கேம்பிரிட்ஜில் தன் வடக்கத்திப் பேச்சைத் தொலைத்துவிட்டு வந்த இளைஞன், அவர்கள் பேச்சை அவர்களிடமே பேசிக் காட்ட வேண்டும். வெரோனாவிலோ ரோமிலோ உச்சரிப்பு தப்பினால் யாருக்கும் தெரியாது. இங்கே முதல் வாக்கியத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

சரி, இப்போது தாமஸ் மோர். அதே 1964-இல், அதே அரங்கில், 'சர் தாமஸ் மோர்' என்ற எலிசபெத் காலத்து நாடகத்தைப் போட்டார்கள். மெக்கெல்லன்தான் மோர். பல பேர் சேர்ந்து எழுதிய, கையெழுத்துப் பிரதியாக மட்டுமே பிழைத்த நாடகம் இது. அரசின் தணிக்கை அதிகாரி எட்மண்ட் டில்னி, கலகக் காட்சியை அப்படியே எடுத்துவிடு என்று அந்தப் பிரதியிலேயே எழுதிவைத்தார். எழுதப்பட்ட காலத்தில் அது மேடையேறியதற்குச் சான்று இல்லை. அதில் சில பக்கங்கள் ஷேக்ஸ்பியரின் சொந்தக் கையெழுத்து என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். அவர் கைப்பட எழுதிய நாடக வரிகள் என்று உலகத்தில் வேறு எதுவும் இல்லை. இன்று அந்தப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கங்களில் இருப்பது 1517-இல் லண்டனில் நடந்த மே தினக் கலவரம். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களை விரட்டச் சொல்லி லண்டன் தொழிலாளிகள் திரண்டு நிற்கிறார்கள். மோர் அவர்கள் முன் வந்து பேசுகிறார். சரி, நீங்கள் சொன்னபடியே அவர்களை விரட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்குகிறார். முதுகில் குழந்தையும் கையில் மூட்டையுமாக அவர்கள் துறைமுகத்தை நோக்கித் தள்ளாடி நடப்பதைக் கண் முன் கொண்டுவருகிறார். பிறகு திருப்புகிறார். இந்தக் கலகத்துக்காக ராஜா உங்களை நாடு கடத்தினால் நீங்கள் எங்கே போவீர்கள்? பிரான்சுக்கா, ஃபிளாண்டர்ஸுக்கா, ஸ்பெயினுக்கா? எங்கே போனாலும் அங்கே நீங்கள்தான் அந்நியர். அந்த ஊர்க்காரர்கள் உங்கள் தொண்டையில் கத்தி வைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

எனக்கு இது ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்க வைக்கும் விஷயம். 1961-இல் அவர் கேட்டுக்கொண்டு நின்ற கேள்வி, நீ எங்கே ஒளிவாய். 1964-இல் அவரே கேட்ட கேள்வி, நீங்கள் எங்கே போவீர்கள். ஒன்று இருபதாம் நூற்றாண்டில் எழுதியது, இன்னொன்று ஷேக்ஸ்பியர் காலத்தது. கேட்பவர் ஒரே தாமஸ் மோர், கேட்கும் விதமும் ஒன்றுதான். ஆத்திரத்தில் நிற்பவனை அவன் விரட்ட நினைக்கிற ஆளின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. புது நாடகத்தில் வாங்கியதைப் பழைய நாடகத்தில் திருப்பிக் கொடுக்க, தொழிலுக்கு வந்து மூன்றே ஆண்டில் எத்தனை நடிகர்களுக்கு வாய்த்திருக்கும்? அந்தப் பேச்சை மெக்கெல்லன் பிறகு விடவே இல்லை. தனி நிகழ்ச்சிகளிலும் பேட்டிகளிலும், எண்பது வயது தாண்டியும், மனப்பாடமாகச் சொல்லிக்காட்டுகிறார். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். கேட்டுவிட்டு மேலே படியுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

1964 இலையுதிர் காலத்தில் லண்டன் வந்தார். ஜேம்ஸ் சாண்டர்ஸின் புது நாடகம் 'எ சென்ட் ஆஃப் ஃபிளவர்ஸ்', டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில். தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண், தன் இறுதிச் சடங்குக்குத் தயாராகும் குடும்பத்தின் நடுவே நடமாடிக்கொண்டே கதை நகரும். மெக்கெல்லனுக்குத் துணை வேஷம்தான். அதற்கே கிளாரன்ஸ் டெர்வென்ட் விருது கிடைத்தது.

1965-இல் ஒலிவியரின் நேஷனல் தியேட்டர் அழைத்தது. அப்போது அது ஓல்ட் விக் அரங்கில் இயங்கியது. ஃபிராங்கோ ஜெஃபிரெல்லி இயக்கிய 'மச் அடோ அபௌட் நத்திங்'கில் கிளாடியோ. மேகி ஸ்மித், ராபர்ட் ஸ்டீபன்ஸ், ஆல்பர்ட் ஃபின்னி, டெரெக் ஜேகபி என்று ஒரே மேடையில் அவ்வளவு பேர். ஆஸ்போர்னின் லூதரை முதலில் நடித்தவரும், சினிமாவில் ஆர்தர் சீட்டனாக வந்தவரும் இதே ஃபின்னிதான். அந்த இரண்டு வேஷத்தையும் சிறு ஊர்களில் போட்டுவிட்டு வந்த ஆள் இப்போது அவர் பக்கத்தில் நின்றான். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரிய வேஷங்களுக்கு வரிசை நீளம். ஒரு சீசனிலேயே மெக்கெல்லன் வெளியேறினார். ஒலிவியரை விட்டுப் போவதா என்று அன்று பலருக்கும் தோன்றியிருக்கும். நான் சரி என்றே சொல்வேன். மூன்று ஊர்களில் நாடகத்தின் முழு எடையையும் தோளில் தூக்கிப் பழகியவன், அதை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தால் தோள் மறந்துவிடும்.

வெளியே வந்ததும் புது நாடகங்கள்தான் அதிகம். டொனால்ட் ஹோவர்த்தின் 'எ லில்லி இன் லிட்டில் இந்தியா' (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கதை நடப்பது இங்கிலாந்தில்). 1966-இல் லண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் வெஸ்கரின் 'தேர் வெரி ஓன் அண்ட் கோல்டன் சிட்டி'. அதில் பொன்னகரங்கள் கட்டக் கனவு கண்டு, சமரசம் செய்து செய்து முதுமை அடையும் கட்டடக் கலைஞன் ஆண்ட்ரூ கோப்ஹாமாக நடித்தார். இடையில் பெர்னார்ட் ஷாவின் குறுநாடகங்கள்.

1967-இல் வந்தது 'த பிராமிஸ்'. சோவியத் நாடக ஆசிரியர் அலெக்ஸி அர்பூசோவ் எழுதியது. மொத்தமே மூன்று பாத்திரங்கள். ஜூடி டென்ச், இயன் மெக்ஷேன், மெக்கெல்லன். 1942-இல் முற்றுகைக்குள் இருக்கும் லெனின்கிராடில், குளிருக்கு மேசை நாற்காலியை எரித்துக்கொண்டு ஒரே அறையில் ஒதுங்கும் மூன்று விடலைகள். அடுத்த அங்கம் 1946, அதற்கடுத்தது 1959. பதின்வயதிலிருந்து நடுவயதை நெருங்கும் வரை இந்த மூன்று பேரே. படையும் இல்லை, செய்யுளும் இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு கிரீடம்கூட இல்லை. லண்டனில் வரவேற்பு கிடைத்தது. டென்ச் இடத்தில் ஐலீன் அட்கின்ஸ் சேர்ந்து நியூயார்க் போனபோது, 23 காட்சிகளோடு முடிந்துவிட்டது. ஆனால் டென்சுடன் தொடங்கிய அந்தப் பழக்கம் 1976-இல் ட்ரெவர் நன் இயக்கிய 'மேக்பெத்'தில் போய்ச் சேர்ந்தது: அவர் மேக்பெத், டென்ச் லேடி மேக்பெத்.

இனி இரண்டு ராஜாக்கள். ஊர் ஊராகப் போகும் பிராஸ்பெக்ட் என்ற குழுவில் 1968-இல் ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்', 1969-இல் அதோடு ஷேக்ஸ்பியரின் சமகாலத்தவரான மார்லோவின் 'இரண்டாம் எட்வர்ட்'. இரண்டுமே முடியை இழந்து சிறையில் கொல்லப்படும் மன்னர்களின் கதை. 1969 எடின்பரோ விழாவில் இரண்டையும் மாற்றி மாற்றி நடித்தார். இடம் ஸ்காட்லாந்து திருச்சபையின் சபை மண்டபம். எட்வர்ட் தன் காதலன் கேவ்ஸ்டனை மேடையில் முத்தமிட்டான். ஒரு நகராட்சி உறுப்பினர் கொதித்துப் புகார் செய்ய, போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனது, டிக்கெட் கிடைக்காத அளவுக்குக் கூட்டம் கூடியது. இங்கிலாந்தில் ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஸ்காட்லாந்தில் 1980 வரை குற்றமாகவே இருந்தது. மெக்கெல்லன் தான் ஒருபால் விருப்பமுள்ளவர் என்று வெளிப்படையாகச் சொன்னது 1988-இல். அதற்குப் பத்தொன்பது வருடம் முன்னால், ஒரு திருச்சபை மண்டபத்தில் நின்றுகொண்டு அந்தக் காதலை முழு மனதோடு நடித்தார். இது 1590-களில் எழுதிய நாடகம்.

அந்தச் சுற்றுப்பயணத்திலேயே 'இரண்டாம் ரிச்சர்ட்' அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகருக்குப் போனது. முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் சோவியத் டாங்கிகள் அந்த நாட்டுக்குள் புகுந்திருந்தன. நாடகத்தில் ஒரு இடம் வரும். அயர்லாந்திலிருந்து திரும்பும் ரிச்சர்ட் தன் மண்ணில் கால் வைக்கிறான். கலகக்காரர்கள் ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கிறார்கள். குனிந்து தரையைத் தொட்டு, அன்பான மண்ணே என்று கூப்பிட்டு, கலகக்காரர்களின் குதிரைக் குளம்புகள் உன்னைக் காயப்படுத்தினாலும் என் கையால் உன்னை வணங்குகிறேன் என்கிறான். மெக்கெல்லன் மண்டியிட்டு அதைச் சொல்லும்போது இருட்டுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. முதலில் அவருக்கு என்னவென்று புரியவில்லை. அரங்கமே அழுதுகொண்டிருந்தது. குதிரைக் குளம்பு என்றால் அவர்களுக்கு என்ன என்பது அந்த மேடையில் மண்டியிட்டபடியே அவருக்கு விளங்கியது. பிறகு எத்தனையோ முறை இதை அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த இரண்டு நாடகங்களையும் பிபிசி 1970-இல் ஒளிபரப்பியது, பதிவுகள் இருக்கின்றன. படமாக்கிய விதம் பழசாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் பார்க்க நேரமில்லை என்றால், 'ரிச்சர்ட்'டில் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியை மட்டும் பாருங்கள். அவர் கை தரையைத் தொடும் இடம் அதுதான்.